ஓடாமல் கெட்ட புல்லட்

பெரியப்பாவின் 1971 மாடல் புல்லட் கடலூர் வீட்டுக் கொல்லையில் தகரக் கொட்டகைக்குள் 11 வருடம் நின்றது. வெளியே தள்ளிவந்து கிக்கர் மேல் ஏறி நின்றேன். என் 78 கிலோவும் அதன் மேல்தான். ஒரு நூல்கூட இறங்கவில்லை.

ஓடித் தேய்ந்த வண்டியென்றால் எங்கே தேய்ந்திருக்கும் என்று மெக்கானிக்குக்குத் தெரியும். நின்று கெட்ட வண்டி வேறு ரகம். அங்கே நடந்ததெல்லாம் வேதியியல்.

திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது 1955இல். அங்கே தயாரான 350 புல்லட்டின் இன்ஜின் எளிமையானது: 346 சிசி, ஒரே சிலிண்டர், விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. சிலிண்டரும் பிஸ்டனைச் சுற்றி மாட்டிய ரிங்கும் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். வண்டியை நிறுத்தும்போது ஏதாவது ஒரு வால்வு திறந்த நிலையில் நின்றுவிட்டால், சைலன்சர் வழியாகவோ கார்புரேட்டர் வழியாகவோ ஈரக்காற்று உள்ளே வரும். கடற்கரை ஊர் என்றால் உப்பும் கூடவே. ரிங்கும் சிலிண்டர் சுவரும் தொடும் இடத்தில் துரு பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். இடமில்லாத இடத்தில் அது வீங்கினால் ஆப்பு அடித்த மாதிரிதான்.

இதற்கு நம்மூரில் உடனே சொல்லும் வைத்தியம், "நல்லா சூடு பண்ணி அடிங்க." கணக்குப் போட்டுப் பாருங்கள். 70 மி.மீ. அலுமினியம் 100 டிகிரி சூடேறினால் 0.16 மி.மீ. பெருக்கும், அதே அளவு வார்ப்பிரும்பு 0.08 மி.மீ. கூடப் பெருக்காது. மொத்தமாகச் சூடாக்கினால் பிஸ்டன் இன்னும் இறுகத்தான் செய்யும். வெளியே இருக்கும் சிலிண்டர் மட்டும் முதலில் சூடாக வேண்டும். பிளக் ஓட்டை வழியாக டீசலும் மெல்லிய கியர் ஆயிலும் கலந்து ஊற்றினேன். உள்ளே எரியும் பொருள் இருப்பதால் தீயைக் கிட்டே கொண்டுபோகவில்லை. கொதிநீரில் முக்கிய சாக்கை சிலிண்டரைச் சுற்றிக் கட்டி, ஆறவிட்டு, மறுபடி கட்டினேன். சூடும் குளிருமாக மாறும்போது இடுக்கு மயிரிழை விரிந்து சுருங்கும். எண்ணெய் தானாக உள்ளே இழுபடும். தினமும் டாப் கியர் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுவேன். ஒன்பதாம் நாள் சாயங்காலம், காய்ந்த கதவு திறக்கிற சத்தத்தோடு பிஸ்டன் அரை அங்குலம் நகர்ந்தது. லேத் பட்டறையில் சிலிண்டரைக் கொஞ்சம் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாயிற்று.

டேங்க்தான் நான் மிகவும் ரசித்துச் செய்த வேலை. மூடியைத் திறந்தால் பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடையோடு பிசினாகியிருந்தது. அதை வழித்தெடுத்ததும் அடியில் காப்பிப் பொடி மாதிரி துரு. ஆசிட் ஊற்றலாம், ஆனால் அதற்குத் துரு எது, தகரம் எது என்று தெரியாது. கொஞ்சம் அசந்தால் டேங்கையே தின்றுவிடும். மின்சாரம் அப்படியில்லை. பெட்ரோல் வாடையே இல்லாதபடி சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசி, டேங்க் நிறையத் தண்ணீர் ஊற்றி, லிட்டருக்கு ஒரு கரண்டி சலவைச் சோடா கரைத்தேன். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய்க்குள் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி, டேங்கில் எங்கும் படாமல் உள்ளே தொங்கவிட்டேன். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் பிளஸ் கம்பிக்கு, மைனஸ் டேங்குக்கு. மாற்றிக் கொடுத்தால் கரையப்போவது டேங்க்!

துரு என்பது எலக்ட்ரானைப் பறிகொடுத்த இரும்பு. சார்ஜர் எலக்ட்ரானைத் திருப்பித் தரும்போது, கெட்டியாக ஒட்டியிருந்த செந்துரு பொடிப்பொடியான கருப்பு ஆக்சைடாக மாறுகிறது. அதே பரப்பில் ஹைட்ரஜன் குமிழ்கள் கிளம்பி அதை உரித்துத் தள்ளுகின்றன. நல்ல தகரம் அப்படியே நிற்கும். காதை வைத்துக் கேட்டால் சோடா பாட்டில் திறந்த மாதிரி மெல்லிய சீற்றம். ஹைட்ரஜன் தீப்பற்றும் என்பதால் இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும்; சார்ஜரை அணைக்காமல் கிளிப்பைத் தொடக்கூடாது. எவர்சில்வர் கம்பி மட்டும் வேண்டாம். அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவில் தண்ணீரில் கரையும்.

இரண்டு இரவு கழித்துக் கொட்டினேன். உள்ளே சாம்பல் நிறத் தகரம். அதைப் பார்த்துப் பூரித்து நிற்கக்கூடாது, ஈரமிருந்தால் சில நிமிடத்தில் மறுபடி செம்மை படரும். ஹேர் டிரையரால் உலர்த்தி, உடனே ஆயில் ஊற்றிச் சுழற்றினேன்.

குரோம் விஷயத்தில் ஏமாந்தேன். பளபளக்கும் அந்தக் குரோம் படலம் பெரும்பாலும் அரை மைக்ரானைத் தாண்டாது. துருவைத் தடுப்பது அதன் அடியில் இருக்கும், பல மடங்கு தடித்த நிக்கல். ஒரு பட்டறையில் நிக்கலைப் பேருக்குக் காட்டிவிட்டுக் குரோம் போட்டுத் தந்தார்கள். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. லேசான புள்ளித் துருவுக்குப் பிளேட்டிங்கே தேவையில்லை. சாப்பாடு கட்டும் அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். குரோமைவிட அலுமினியம் மிருதுவானது, கீறாது.

டேங்கின் தங்கக் கோடுகள் திருவொற்றியூரில் தூரிகையால் கையாலேயே இழுக்கப்பட்டவை. உற்றுப் பார்த்தால் வளைவில் கோடு சற்றே தடிக்கும். ஸ்டிக்கர் ஒட்டினால் கோடு நேராக இருக்கும், வண்டி பொய்யாக இருக்கும். சட்டமும் இந்த அசலைத்தான் கேட்கிறது: 2021இல் வந்த விதிப்படி, 50 வயது தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்குத்தான் வின்டேஜ் பதிவு. அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி சாலையில் ஓட்டவும் முடியாது. அதனால் நான் இன்னும் பதியவில்லை.

ஸ்டார்ட் செய்த அன்று பெரியப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாவியைத் திருகி, மின்னோட்டம் காட்டும் ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தினேன். பிளக்குக்குப் பொறி தரும் பாயின்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஷரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்கி, விட்டு, உதைத்தேன். மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது.

பத்து நிமிடத்தில் இன்ஜின் அடியில் ஆயில் சொட்டியது. பாக்கிங் எல்லாம் புதுசு, எனக்கு முகம் செத்துவிட்டது. பெரியப்பா குனிந்து பார்த்தார்.

"ஷோரூம்ல எடுத்த அன்னிக்கே இங்கதான்டா சொட்டுச்சு."