சொல் விளக்கம்: சுபாவம்

போச்சம்பள்ளிச் சந்தையில் கறவை மாடு பிடிக்க வருகிறவர் முதலில் மடியைப் பார்ப்பார், பல்லைப் பிடித்துப் பார்ப்பார். அப்புறம் கேட்பார்: "சுபாவம் எப்படிங்க? கறக்கும்போது உதைக்குமா?" விற்கிறவர் சொல்வார்: "கன்னுக்குட்டியிலிருந்து புள்ளைங்க கையில வளர்ந்ததுங்க." கேட்டது சுபாவத்தை, வந்தது வளர்ப்பைப் பற்றிய பதில். ஆனாலும் கேட்டவருக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. மனிதன் சுபாவத்திலேயே நல்லவனா கெட்டவனா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் இந்தப் பதிலைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சுபாவம் வடசொல். 'ஸ்வ' என்றால் தன்னுடைய. 'பாவ' என்றால் இருப்பு, நிலை. பிறர் தராமல் தன்னிடமே உள்ளது என்று பொருள். கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே சொல் இருப்பதால் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மூன்று மொழிக்காரர்களுக்கும் இது பொதுச்சொல். கூச்ச சுபாவம், சாது சுபாவம் என்று தமிழில் நன்றாகவே ஊறிவிட்டது.

இதற்கு நேரான தமிழ்ச்சொல் இயல்பு. இதன் வேர் 'இயல்'. நடத்தல், பொருந்துதல், கூடிவருதல் எல்லாம் அதன் பொருள்கள். இயலும், இயலாது, இயன்றவரை என்று நாம் தினமும் சொல்வதும் அதே வேரிலிருந்துதான். ஆகவே இயல்பு என்பதில் கல்லில் வெட்டியது போன்ற உறுதி இல்லை. நடந்து நடந்து அமைவது என்ற சாயல் இருக்கிறது. வள்ளுவர் இதை எப்படி ஆள்கிறார் பாருங்கள்:

"நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும் மாந்தர்க்கு
இனத்தியல்ப தாகும் அறிவு" (452)

நிலத்தின் இயல்பால் நீர் திரிகிறது. சேர்ந்த இனத்தின் இயல்பு மனிதரின் அறிவாகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இந்தக் குறளுக்கு உரையே வேண்டாம். வானத்திலிருந்து விழுகிற மழைநீரில் குறை இல்லை. அது பாறைக்குள் இறங்கித் தங்கும்போதுதான் ஃப்ளூரைடு கரைந்து சேர்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழுந்தது. பெரியவர்கள் சிலருக்கு எலும்பும் மூட்டும் கெட்டன. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு இதுவே காரணம். அந்தத் தண்ணீரைப் 'பிறவியிலேயே கெட்டது' என்று யாரும் சொல்லவில்லை; எங்கே தங்கியது என்றுதான் பார்த்தார்கள்.

சீனத்தில் இதே கேள்வியில் பெரிய வாதம் நடந்திருக்கிறது. பொ.ஆ.மு. 4-ஆம் நூற்றாண்டின் சிந்தனையாளர் மென்சியஸ், மனித இயல்பு நல்லது என்றார். நீர் பள்ளம் நோக்கி ஓடுவதுபோல மனிதன் நன்மை நோக்கிச் செல்கிறான் என்பது அவர் வாதம். அடுத்த நூற்றாண்டின் சுன்சி, இயற்கை தீயது, நன்மை முயன்று செய்துகொண்டது என்றார். சுன்சி சொன்னதற்குத் தமிழில் அச்சாகப் பொருந்தும் இணை உண்டு: இயற்கை, செயற்கை. இன்று செயற்கை என்றால் போலி என்று மனதில் படுகிறது. பழைய பொருள் அதுவல்ல. செய்து அடைவது, அவ்வளவே. பண்பு என்ற சொல்லும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. நிலத்தைப் பண்படுத்துகிறோம், மனிதன் பண்படுகிறான்.

பிறவிக்குணம் என்பது வேறு. "ஜென்மத்தோடு பிறந்தது செருப்பால் அடித்தாலும் போகாது" என்கிற பழமொழியின் கொடுமை இந்தச் சொல்லில் இருக்கிறது. இயல்பு என்று சொல்ல வேண்டிய இடத்தில் இதை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறே இருக்கிறது. 1871-ல் வெள்ளையர் அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911-ல் திருத்தி சென்னை மாகாணத்துக்கும் நீட்டியது. ஒரு சமூகத்தில் பிறந்த ஒரே காரணத்துக்காக மக்கள் காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு, கைரேகை வைத்து, அனுமதி இல்லாமல் ஊரைவிட்டு நகர முடியாமல் கிடந்தார்கள். நாடு முழுவதும் அது ஒழிந்தது 1952-ல். இன்றும் ஒரு பையனைப் பார்த்து "இவனுங்க பிறவிக்குணமே அப்படித்தான்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறுகிறது.

தகடூர் அதியமானுக்கு நெல்லிக்கனி அளவுக்கு நெருங்கிய ஔவையார் வள்ளுவருக்கு எதிர்த்திசையிலிருந்து வருகிறார். "எவ்வழி நல்லவர் ஆடவர், அவ்வழி நல்லை வாழிய நிலனே" (புறநானூறு 187). நாடோ காடோ, பள்ளமோ மேடோ, அங்கே வாழ்கிறவர் நல்லவரானால் நிலமும் நல்லது. நிலத்தால் நீர், இனத்தால் அறிவு என்றது குறள்; மனிதரால் நிலம் என்கிறது இந்தப் பாட்டு. இரண்டிலுமே தன்மை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது.

எழுதும்போது: சுபாவம் என்று வருகிற இடத்தில் இயல்பு என்று எழுதலாம், பொருள் கெடாது. 'கூச்ச இயல்பு' காதுக்கு ஒட்டவில்லை என்றால் 'கூச்சப்படுகிறவர்' போதும். பழகி வந்ததைப் பண்பு என்க. பிறவிக்குணத்தைக் கண் நிறம், ரத்த வகை போன்றவற்றின் பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம்.