22 மாதங்களில் 15: பிள்ளையை மீட்க உதவும் நீதிமன்றம்

அமெரிக்காவில் பெற்றோரின் போதைப் பழக்கத்தால் குழந்தைக்கு ஆபத்து என்று நீதிமன்றம் கருதினால், குழந்தை வளர்ப்புப் பராமரிப்புக்கு, அதாவது அரசு ஏற்பாட்டில் வேறொருவர் பொறுப்புக்கு, போய்விடலாம். அதோடு ஒரு கெடுவும் ஓடத் தொடங்குகிறது. 1997ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, கடைசி 22 மாதங்களில் 15 மாதம் குழந்தை அங்கே இருந்துவிட்டால், பெற்றோர் உரிமையையே நீக்கக் கோரி மாநில அரசு பொதுவாக மனுச் செய்தாக வேண்டும். குழந்தை ஆண்டுக்கணக்கில் வீடு மாறி வீடு அலையக் கூடாது என்பதற்கான கெடு இது, நியாயமானதுதான். ஆனால் போதை மாதக் கணக்குப் பார்த்து விலகுவதில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் குடும்பப் போதைச் சிகிச்சை நீதிமன்றம். 1990களின் நடுவில் நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் தொடங்கியது. இங்கே நடப்பது குற்ற வழக்கு அல்ல, குழந்தைப் பாதுகாப்பு வழக்கு. வழக்கமான நீதிமன்றத்தில் மறு விசாரணைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். இங்கே தொடக்கத்தில் வாரமோ இருவாரமோ ஒருமுறை, அதே நீதிபதியின் முன் தாயோ தந்தையோ நிற்கிறார். சிகிச்சை ஆலோசகர், குழந்தைநலப் பணியாளர், இரு தரப்பு வழக்கறிஞர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்கள். முன்னறிவிப்பின்றிச் சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. ஒருமுறை தவறிவிட்டால் உடனே எல்லாம் முடிந்துவிடாது. பெரும்பாலும் சிகிச்சையைத்தான் கூட்டுவார்கள். பிள்ளையைப் பார்க்கும் நேரமும், வீடு வேலை தேடும் உதவியும் இதே திட்டத்தில் பேசப்படுகின்றன. பெற்ற பிள்ளையைப் பார்க்க விடாமல் ஒருவரைத் திருந்தச் சொல்வது கொடுமை என்பேன்.

2018ஆம் ஆண்டின் இன்னொரு கூட்டாட்சிச் சட்டம் இன்னும் முன்னே போனது. குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்குமுன்பே, தகுதியுள்ள குடும்பத்துக்கு 12 மாதம் வரை போதைச் சிகிச்சைக்குக் கூட்டாட்சி நிதி தரலாம். தாய் தங்கிச் சிகிச்சை பெறும் இல்லத்திலேயே குழந்தையும் உடனிருக்கவும் அந்த நிதி 12 மாதம் வரை உதவும்.

எல்லா மாவட்டங்களிலும் இந்த நீதிமன்றம் இல்லை. சேருவது பெரும்பாலும் பெற்றோரின் விருப்பம். சேர்ந்துவிட்டதாலேயே 15 மாதக் கெடு நின்றுவிடாது என்பதால், முதல் விசாரணையிலேயே வழக்கறிஞரிடம் இதைக் கேட்பது நல்லது. குழந்தை உறவினரிடம் வளர்ந்தாலோ, திட்டத்தில் உறுதியளித்த சேவைகளை அரசு உரிய காலத்தில் தராவிட்டாலோ, உரிமை நீக்கம் குழந்தைக்கு நல்லதல்ல என்பதற்கு வலுவான காரணம் பதிவாகியிருந்தாலோ, அந்த மனுவைத் தாக்கல் செய்யாமல் விட மாநிலத்துக்குச் சட்டம் இடம் தருகிறது. அதையும் சேர்த்தே கேளுங்கள்.