பின்வளவுக் கொட்டிலில் தூண் உக்கினால்

கொட்டில் தூண் பெரும்பாலும் நிலமட்டத்தில்தான் உக்கும், மேலே கீழே ஓரிரு அங்குலத்துக்குள். ஆழத்தில் ஈரம் இருந்தாலும் காற்றுக் குறைவு. மேலே காற்று உண்டு, ஆனால் மரம் காய்ந்துவிடும். மரம் தின்னும் பூஞ்சணத்துக்கு இரண்டும் சேர்ந்து கிடைப்பது மண் தொடும் அந்த இடத்தில். கறையானும் அதே ஈரத்துக்குத்தான் வருகிறது.

பெயின்ற் பூசிய தூண் வெளியில் நல்லாய்த்தான் தெரியும். கூரான திருப்புளியால் அடியைச் சுற்றிவரக் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் நுனி மட்டும் இறங்கும். நெம்பினால் நீள நாராகக் கிளம்பும். உக்கினது அரை அங்குலம் உள்வாங்கி, சிறு துண்டுகளாக உடையும். பனை என்றால் ஏமாறவேண்டாம். உள்ளே இருக்கும் மென்மையான சோற்றி மாவாகிப்போன பிறகும் வெளி வைரம் கறுப்பாக இறுகி நிற்கும். சுத்தியலால் தட்டினால் பொத்தென்ற சத்தம் காட்டிக்கொடுக்கும்.

வெட்டுமுன் முட்டுக் கொடுக்க வேண்டும். தூணின் இருபக்கமும் ஒன்றரை அடி தள்ளி, வளைக்கு (தூண்களின் மேல் கூரையைத் தாங்கும் மரத்துக்கு) கீழே. முட்டின் அடியில் அகலப் பலகை வையுங்கள், இல்லாவிட்டால் மண்ணில் புதையும். ஜக்கால் கால் அங்குலம், தூணில் இருந்து பாரம் விடும்வரை மட்டும் உயர்த்துங்கள். அதற்கு மேல் போனால் ஓடு விலகும், தகர ஆணி பிடுங்கும். ஒரு நேரத்தில் ஒரு தூண்தான். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் காலம் மரம் காய நல்லது. ஆனால் தூக்கும் வேலைக்குக் காற்று ஓய்ந்த காலையைப் பாருங்கள்.

உக்கல் தெரியும் எல்லைக்கு மேலே இன்னும் ஒரு அடி சேர்த்து வெட்டுங்கள். பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியாமல் மேலே ஏறியிருக்கும்.

அதிகம் நடக்கும் பிழை இனித்தான். புதுத் தூணைக் குழியில் நிறுத்திச் சுற்றிவரக் கொங்கிறீற் போடுவார்கள். மரம் சுருங்க இடைவெளி விழும், மாரி மழைத் தண்ணீர் கோப்பையில் நிற்பதுபோல அதற்குள் நிற்கும். அதற்குப் பதிலாக 12 அங்குலச் சதுரத்தில், நிலத்துக்குக் கீழ் 2 அடி இறங்கிய கொங்கிறீற் பீடத்தை, தூணை வெட்டின இடத்துக்கு அரை அங்குலம் கீழ்வரை எழுப்புங்கள். கலவை 1:2:4 (சீமெந்து, மணல், கல்), உள்ளே 10 மில்லிமீற்றர் கம்பி நான்கு, மேற்பக்கம் வெளிநோக்கிச் சரிவு. ஈரமாக இருக்கும்போதே ‘ப’ வடிவ இரும்புப் பட்டையை நிமிர்த்தி ஊன்றி, ஏழு நாள் சாக்குப் போட்டு நனையுங்கள். அதுவரை முட்டுகளைக் கழற்றக்கூடாது. பிறகு வெட்டின தூணின் அடியைப் பட்டைக்குள் வைத்து, கீழே அந்த அரை அங்குல இடைவெளி விட்டு, பாரம் தாங்கப் பட்டையின் உள்ளே ஓர் இரும்புத் துண்டு வைத்து, இரண்டு அரை அங்குல கல்வனைஸ் போல்ட்டால் இறுக்குங்கள். 2020 டிசெம்பரின் புரெவிப் புயல் மாதிரி ஒரு காற்று தகரக் கூரையை மேலே இழுக்கும். பட்டை இல்லாத தூண் கூரையோடு கிளம்பும்.

ஒன்றை மறக்கிறார்கள்: மண்ணில் ஊன்றிய தூண் தானே நிமிர்ந்து நின்றது, பீடத்தில் ஏறினால் ஆடும். வளைக்கும் தூணுக்கும் நடுவே 45 பாகையில் இரண்டடிக் கைத்தாங்கல், ஒவ்வொரு தூணுக்கும் வேண்டும்.

கழிவு எண்ணெய் பூசுவது மேல்தோலோடு சரி. சுண்ணாம்புக்கல் நிலத்தில் அது கிணற்றுக்கும் இறங்கும். மண் தொடாத மரத்துக்கு ஒரு லீற்றர் சுடுநீரில் 60 கிராம் வெண்காரம் (போராக்ஸ்), 40 கிராம் போரிக் அமிலம் கரைத்து, வெட்டுமுகத்தில் ஊற ஊறப் பூசி, காய்ந்தபின் பெயின்ற் அடியுங்கள். கையுறை போடுங்கள், ஆடு மாடு நக்காமல் பாருங்கள்.

தாவாரத் தண்ணீர் விழும் கோடு தூணிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி இருக்கட்டும். தூணோடு மண் அணைத்துப் பூக்கன்று வைத்திருந்தால், பிடுங்கி வேறிடத்தில் நடுங்கள்.