குடுவைக்குள் மூச்சுத் திணறல்

ஈ.கோலை பாக்டீரியாவை வளர்க்கிறவர்கள் 250 மில்லி குடுவையில் 50 மில்லிக்கு மேல் ஊடகம் (பாக்டீரியா வளரும் சத்துத் திரவம்) ஊற்றத் தயங்குவார்கள். ஐந்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். மீதி இடம் வீணாகக் கிடப்பதுபோலத் தெரியும். ஆனால் அந்தக் காலி இடமும் ஷேக்கர் என்ற குலுக்கும் இயந்திரத்தின் குலுக்கலும் சேர்ந்துதான் பாக்டீரியாவுக்கு மூச்சு கொடுக்கின்றன.

காற்றில்தான் ஆக்சிஜன் இருக்கிறதே, அப்புறம் என்ன குறை? அது தண்ணீரில் லேசில் கரையாது. 37 டிகிரி செல்சியஸில், காற்றுபட இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பது சுமார் 7 மில்லிகிராம்தான். குளுக்கோஸையோ கிராம் கணக்கில் கரைத்து வைக்கலாம். பாக்டீரியா நன்றாகப் பெருகிய குடுவையில் அந்த 7 மில்லிகிராம் சில நிமிடங்களுக்குள் தீர்ந்துவிடும். அதனால் மேற்பரப்பு வழியாகப் புதிதாகக் கரைந்துகொண்டே இருக்க வேண்டும். குலுக்கும்போது திரவம் கண்ணாடிச் சுவரில் மெல்லிய படலமாக ஏறிப் பரவுகிறது. காற்றைத் தொடும் பரப்பு கூடுகிறது.

செல்லுக்குள் நடப்பது இன்னும் அழகு. குளுக்கோஸிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் சவ்வில் உள்ள புரதங்கள் வழியே கைமாறி, கடைசியில் ஆக்சிஜனைச் சேர்கின்றன. அந்த ஓட்டத்தில் கிடைக்கும் ஆற்றலில்தான் செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு உருவாகிறது. ஆக்சிஜன் அருகும்போது ஈ.கோலை உடனே சோர்ந்துவிடுவதில்லை. மிகக் குறைந்த ஆக்சிஜனையும் பற்றிக்கொள்ளும் சைட்டோக்ரோம் பிடி என்ற வேறொரு நொதியை அதிகமாகத் தயாரிக்கிறது. எஃப்என்ஆர் என்ற புரதத்தில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு கொத்து உண்டு. ஆக்சிஜன் பட்டால் அது சிதைந்துவிடும். சிதையாமல் இருந்தால், ஆக்சிஜன் இல்லை என்று அர்த்தம். உடனே காற்றில்லா வாழ்க்கைக்கான மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. ஊடகத்தில் நைட்ரேட் இருந்தால் எலக்ட்ரான்களை அதனிடம் கொடுத்துச் சுவாசிக்கும். அதுவும் இல்லையென்றால் நொதித்தல்தான். அசிட்டேட், ஃபார்மேட், லாக்டேட், எத்தனால் எல்லாம் வெளியேறும், ஊடகம் புளிக்கும், அதே குளுக்கோஸில் விளையும் செல்கள் வெகுவாகக் குறையும்.

வளர்ச்சி வரைகோடு தட்டையானால் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று சட்டென்று முடிவு கட்டுகிறோம். பல நேரங்களில் முதலில் தீர்வது ஆக்சிஜன். ஒரே அளவுள்ள இரண்டு குடுவைகளில், ஒன்றில் 50 மில்லி, மற்றதில் 200 மில்லி வைத்து ஒரே வேகத்தில் குலுக்கிப் பாருங்கள். நிறைந்த குடுவையில் வளர்ச்சி முன்னதாகவே தளரும்.

வளர்ச்சியை அறியத் திரவத்தின் கலங்கலை அளக்க ஷேக்கரை நிறுத்திக் குடுவையை மேசையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால், அடர்ந்த வளர்ப்பில் அதற்குள் ஆக்சிஜன் காலி. எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று அறிய அப்போது எடுக்கும் ஆர்என்ஏ மாதிரி, மூச்சுத் திணறும் செல்லின் நிலையைத்தான் காட்டும். ஆய்வுக் கட்டுரைகளில் வெப்பநிலையோடு குடுவையின் அளவு, ஊடகத்தின் அளவு, குலுக்கும் வேகம் மூன்றையும் கட்டாயம் எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.