ஆழமா, அகலமா? நகர ஓடையைச் சீரமைக்கும் கணக்கு

ஓடை கரை மீறி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், மறுநாள் காலையில் எழும் முதல் குரல் ஒன்றுதான்: "ஆழமாகத் தூர்வாருங்கள்!" பொக்லைன் வரும், கருப்புச் சேறு கரையில் குவியும், பார்ப்பவர்களுக்கு ஏதோ நடந்திருக்கிறது என்ற நிம்மதியும் வரும். ஆனால் தோண்டிய ஆழத்துக்கு ஏற்ற பலன் கிடைக்கும் என்று விஷயம் தெரிந்த எந்தப் பொறியாளரும் உறுதி கொடுக்கமாட்டார். ஏன் என்று புரிய, ஓடைக்குள் எவ்வளவு தண்ணீர் வருகிறது, அது எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது என்ற இரண்டு கணக்குகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடக் கணக்குதான்.

முதலில் வரவு. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் விழும் தண்ணீர் 50,000 கனமீட்டர்; வினாடிக்கு ஏறக்குறைய 14 கனமீட்டர். அந்த நிலம் காடாக இருந்தால் பெரும்பகுதியை மண்ணும் இலைச்சருகும் வாங்கிக்கொள்ளும். ஐந்தில் ஒரு பங்கு ஓடைக்கு வருகிறது என்றால் அது வினாடிக்கு 3 கனமீட்டர்கூட இல்லை. அதே இடத்தில் கூரைகளும் தார்ச்சாலைகளும் வந்தபிறகு ஐந்தில் நான்கு பங்கு ஓடிவரும். அப்போது 11 கனமீட்டர். மழை அதே மழை, ஓடையும் அதே ஓடை.

அளவு மட்டுமல்ல, நேரமும் மாறுகிறது. புல்வெளியில் தேங்கித் தேங்கி, பல மணி நேரத்தில் வந்து சேர வேண்டிய தண்ணீர், மழைநீர் வடிகால் குழாய்கள் வழியாகச் சில நிமிடங்களில் வந்து விழுகிறது. அதனால் ஓடையின் நீர்மட்டம் சட்டென ஏறி, ஒரு கூர்மையான உச்சத்தைத் தொட்டு, சட்டென இறங்குகிறது. வீட்டுக்குள் தண்ணீர் வருவது பெரும்பாலும் அந்த உச்சத்தில்தான். மொத்தத் தண்ணீரையும் குறைக்க முடியாவிட்டாலும் அந்த உச்சியைக் கொஞ்சம் தட்டையாக்கினால் போதும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி செலவு. ராபர்ட் மானிங் என்ற அயர்லாந்துப் பொறியாளர் 1889இல் முன்வைத்த சூத்திரத்தைத்தான் உலகம் முழுக்க இன்றும் திறந்த கால்வாய்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். தண்ணீரின் வேகத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன என்கிறது அது. ஒன்று, வாட்டம், அதாவது ஓடையின் தரை எவ்வளவு சரிந்து இறங்குகிறது என்பது. இரண்டு, தரையும் கரையும் எவ்வளவு சொரசொரப்பாக இருக்கின்றன என்பது. மூன்று, ஓடும் தண்ணீரின் குறுக்குவெட்டுப் பரப்பை, அது தொட்டுக்கொண்டு ஓடும் விளிம்பின் நீளத்தால் வகுத்தால் வரும் எண். கடைசியாகச் சொன்னது கொஞ்சம் வினோதமாகத் தெரியும். தண்ணீரைப் பிடித்து இழுப்பது அடித்தரையும் பக்கச்சுவரும்தான். எவற்றையும் தொடாமல் நடுவில் போகும் தண்ணீர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகம். அவ்வளவுதான் அதன் பொருள்.

6 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம், கிலோமீட்டருக்கு 1 மீட்டர் வாட்டம் கொண்ட ஒரு மண் ஓடையை எடுத்துக்கொள்வோம். ஓரளவு சுத்தமான மண் ஓடைக்குச் சொரசொரப்பு எண் 0.03 என்று வைப்பார்கள். வேகம் வினாடிக்கு 1.2 மீட்டர் வரும். கரை தொட ஓடினால் வினாடிக்குச் சுமார் 14 கனமீட்டர் போகும். அதே ஓடையில் புதரும் நாணலும் மண்டி, எண் 0.06 ஆகிவிட்டால் 7 கனமீட்டர்தான். ஒரு கைப்பிடி மண்கூடச் சேராமலே கொள்ளளவு பாதியாகிவிட்டது! மாறாக, வழுவழுப்பான கான்கிரீட் போட்டு எண்ணை 0.015க்குக் கொண்டுவந்தால் 28 கனமீட்டர்.

வாட்டத்தைக் கூட்டினால்? வேகம் வாட்டத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. வேகத்தை இரட்டிப்பாக்க வாட்டம் நான்கு மடங்காக வேண்டும். அதற்கு நகரத்தில் வழியே இல்லை, ஏனென்றால் ஓடை போய்ச் சேரும் ஆற்றின் மட்டமோ கடலின் மட்டமோ நம் கையில் இல்லை. ஆழத் தோண்டுவதன் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. முகத்துவாரத்தின் மட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் மழைக்கு முன்பே தண்ணீர் நிற்கும். வெள்ளம் அதன் மேலேதான் ஓடியாக வேண்டும். குறுக்குவெட்டு சற்றுக் கூடுவதால் கொஞ்சம் லாபம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மெதுவாக ஓடும் அந்தப் பள்ளத்தில்தான் வண்டல் முதலில் படியும். சில மழைக்காலங்களில் பள்ளம் பழையபடி தூர்ந்துவிடும்.

சரி, கான்கிரீட்டே போட்டுவிடலாமே? இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பொறியாளர்கள் சொன்ன பதில் அதுதான். 1938 மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் வந்த வெள்ளத்தில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பிறகு அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை, சுமார் 82 கிலோமீட்டர் நீளமுள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் ஆற்றின் பெரும்பகுதியைக் கான்கிரீட் தொட்டியாகவே மாற்றியது. வெள்ளம் கட்டுக்குள் வந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் கான்கிரீட் தண்ணீரைக் குறைப்பதில்லை, அடுத்தவரிடம் சீக்கிரம் ஒப்படைக்கிறது. மேற்பகுதியில் நகரம் வளர வளர, கீழ்ப்பகுதிக்கு வந்து சேரும் உச்ச வெள்ளம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் கடலோரப் பகுதியில் கரைச்சுவர்களை மேலும் உயர்த்த வேண்டியதாயிற்று.

கான்கிரீட்டுக்கு வேறு சில தொல்லைகளும் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் தரும் விசை நான்கு மடங்காகும். கான்கிரீட் முடிந்து மண் ஓடை தொடங்கும் இடத்தில் அந்த விசை முழுவதும் தரையை அரித்துக் குழிபறிக்கும். அங்கே பாறைகளை அடுக்கியோ தடுப்புக் கட்டைகள் வைத்தோ வேகத்தைத் தணிக்காவிட்டால் கான்கிரீட்டின் கடைசிப் பலகை அந்தரத்தில் தொங்கும். உள்ளே தவறி விழுந்தவர் பிடித்து ஏற ஒரு வேர்கூட இருக்காது. அப்புறம், பலருக்குத் தெரியாத ஒன்று: கான்கிரீட் கால்வாய் நிரம்பியிருக்கும்போது உடைவதைவிட, காலியானபின் உடைவது எளிது. வெள்ளம் வடிந்ததும் உள்ளே அழுத்தம் இல்லை. வெளியே மண்ணுக்குள் ஊறிய தண்ணீர் மட்டும் பலகைகளைப் பின்னாலிருந்தும் கீழேயிருந்தும் தள்ளிக்கொண்டிருக்கும். கால்வாய்ச் சுவர்களில் வரிசையாகத் தெரியும் சிறு துளைகள் அந்தத் தண்ணீர் கசிந்து வெளியேறுவதற்காக வைத்தவைதான். அழுக்கு ஒழுகுகிறதே என்று யாராவது அவற்றைச் சிமென்ட் வைத்துப் பூசிவிட்டால் சுவரின் ஆயுள் குறைகிறது என்று அர்த்தம்.

மண் கரைக்கும் இதே விதிதான். கரை இடிவது பல நேரங்களில் வெள்ளம் பாயும்போது அல்ல, சட்டென வடிந்தபின். ஊறிப்போன கரையைத் தாங்கிக்கொண்டிருந்ததே அதன் முன்னால் நின்ற தண்ணீர்தான்.

இப்போது அகலத்துக்கு வருவோம். நமது 6 மீட்டர் ஓடையை 12 மீட்டராக்கி, மண் கரையாகவே விட்டுவிட்டால் கொள்ளளவு 33 கனமீட்டராகிறது. அகலம் இரண்டு மடங்கு, கொள்ளளவு இரண்டேகால் மடங்குக்கும் மேல். பக்கச்சுவர்கள் இரண்டு என்பது மாறாததால், இழுத்துப் பிடிக்கும் விளிம்பு பரப்பின் அளவுக்குக் கூடவில்லை. கான்கிரீட் தந்த 28ஐ இது முந்திவிட்டது, அதுவும் வேகத்தை 1.4 மீட்டருக்குள் வைத்துக்கொண்டே. கொஞ்சம் செடிகொடிகள் வளர்ந்து எண் 0.05 ஆனாலும் 20 கனமீட்டர் போகும்.

சிங்கப்பூரில் பிஷான் - ஆங் மோ கியோ பூங்காவை ஒட்டி ஓடிய காலாங் ஆறு இதற்கு நல்ல உதாரணம். அங்கே 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோடாக ஒரு கான்கிரீட் கால்வாய் இருந்தது. 2012இல் முடிந்த பணியில் அதை உடைத்து, 3.2 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக்கினார்கள். நீளம் கூடினால் வாட்டம் குறையும், செடிகளும் கற்களும் வந்தால் சொரசொரப்பு கூடும். இரண்டுமே மானிங் சூத்திரத்தில் நமக்கு எதிரானவை. ஆனாலும் வெள்ளக் கொள்ளளவு சுமார் 40 சதவீதம் கூடியது. காரணம், முன்பு 17 முதல் 24 மீட்டர் வரை இருந்த அகலம், வெள்ளக்காலத்தில் 100 மீட்டர் வரை விரிய இடம் கிடைத்தது. மற்ற நாட்களில் அந்த இடத்தில் மக்கள் நடக்கிறார்கள், குழந்தைகள் விளையாடுகிறார்கள். நீர்மட்டம் ஏறத் தொடங்கினால் எச்சரிக்க உணரிகளும் அபாயச் சங்கும் உண்டு.

ஆனால் ஓடையைச் சும்மா அகலமாக வெட்டிவிட்டாலும் சிக்கல்தான். கோடையில் ஓடும் கொஞ்சத் தண்ணீர் 12 மீட்டர் அகலத்தில் பரவி, கணுக்கால் ஆழத்துக்கு மெல்ல நகரும். வண்டல் படியும், அதில் செடி முளைக்கும், அது மேலும் வண்டலைப் பிடிக்கும். ஓடை தன் பழைய அகலத்தைத் தானே மீண்டும் கட்டிக்கொள்ளும். அதனால் இரண்டு அடுக்காக வெட்டுவது வழக்கம்: நடுவில் அன்றாட ஓட்டத்துக்கு ஒரு குறுகிய வாய்க்கால், அதன் இருபுறமும் சற்று உயரத்தில் வெள்ளம் மட்டுமே ஏறும் அகலமான திட்டு. சிறு மழைகளில் தண்ணீர் நடு வாய்க்காலுக்குள்ளேயே வேகமாக ஓடி, தன் வண்டலைத் தானே அடித்துக்கொண்டு போய்விடும். நிழல் விழுந்தால் மீனும் தங்கும்.

நகரத்தில் அகலத்துக்கு இடம் கிடைப்பதுதான் கஷ்டம். கரையை ஒட்டி வீடு, வீட்டை ஒட்டிக் கழிவுநீர்க் குழாய், அதன் பக்கத்தில் மின்கம்பி. திட்டச் செலவில் கணிசமான பங்கு மண் வெட்டுவதற்குப் போகாது, இவற்றை நகர்த்தப் போகும்.

இவ்வளவும் செய்தபின் ஒரு சின்னப் பாலம் எல்லாவற்றையும் கெடுக்கலாம். பாலத்தின் கண்கள் வழியாக 14 கனமீட்டர்தான் போகும் என்றால், மேலே எவ்வளவு அகலப்படுத்தினாலும் அந்த இடத்தில் போவது 14தான். மீதி, பாலத்துக்கு முன்னால் எதிர்த்து ஏறி நிற்கும். ஹூஸ்டனில் பிரேய்ஸ் பாயு என்ற ஓடையை அகலப்படுத்தியபோது முப்பதுக்கும் மேற்பட்ட பாலங்களை மாற்றவோ நீட்டவோ வேண்டியிருந்தது அதனால்தான்.

கணக்கில் சரியாக இருக்கும் பாலமும் காலை வாரும். ஆஸ்திரேலியாவின் வுல்லாங்காங் நகரில் 1998 ஆகஸ்டில் பெருமழை பெய்தபோது, மரக்கிளைகளும் குப்பையும் சாலைக்கு அடியில் போகும் சுரங்கக் குழாய்களை அடைத்துக்கொண்டன. தண்ணீர் ஓடையை விட்டுத் தெருக்களில் ஓடியது. அதற்குப்பிறகு அந்த நகராட்சி ஒரு கறாரான விதியைக் கொண்டுவந்தது. மூலைக்கு மூலை 6 மீட்டருக்குக் குறைவான திறப்புகள் வெள்ளத்தில் முழுவதுமாக அடைபடும் என்று வைத்தே வெள்ளமட்டத்தைக் கணக்கிட வேண்டும். பின்னாளில் இதைத் தளர்த்தினார்கள் என்றாலும், காகிதத்தில் உள்ள திறப்பும் மழைநாளில் உள்ள திறப்பும் ஒன்றல்ல என்பதைச் சட்டத்திலேயே எழுதியது துணிச்சலான வேலைதான்.

வேலையைக் கீழிருந்து மேலாகச் செய்ய வேண்டும் என்பதும் இதனால்தான். மேலே முதலில் அகலப்படுத்திவிட்டால், கீழே இன்னும் கை வைக்காத பகுதிக்கு வெள்ளம் முன்பைவிடச் சீக்கிரமாகவும் அதிகமாகவும் போய்ச் சேரும்.

அகலப்படுத்த இடமே இல்லாத நகரங்கள், உச்சியை வெட்டி வேறெங்காவது சேமிக்கின்றன. ஓடைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம், இரண்டுக்கும் நடுவே ஒரு தாழ்ந்த கலிங்கு, அதாவது தண்ணீர் வழிந்து போகும் தடுப்புச்சுவர். இதில் சூட்சுமம் முழுக்க அந்தக் கலிங்கின் உயரத்தில் இருக்கிறது. மிகத் தாழ்வாக வைத்தால் மழையின் தொடக்கத்திலேயே பள்ளம் நிரம்பிவிடும். உச்சம் வரும்போது அதில் ஒரு சொட்டுக்கும் இடமிருக்காது. மிக உயரமாக வைத்தால் வெள்ளம் அதைத் தொடுவதற்குள் எதிர்க்கரை வழிந்துவிடும். ஓடை தாங்கும் அளவு வரை காத்திருந்து, அதற்கு மேல் வருவதை மட்டும் வாங்க வேண்டும். டோக்கியோவில் நிலத்துக்கு மேலே பள்ளம் வெட்டக்கூட இடமில்லை. 7ஆம் எண் வட்டச்சாலையின் அடியில் 12.5 மீட்டர் விட்டத்தில் 4.5 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கத்தைக் குடைந்து, காண்டா ஆறும் அதன் துணை ஓடைகளும் பொங்கும்போது 5,40,000 கனமீட்டர் தண்ணீரை அதில் இறக்குகிறார்கள். மழை ஓய்ந்ததும் பம்பு வைத்து வெளியேற்றுவார்கள்.

இந்தப் பள்ளங்களைக் கண்ட இடத்தில் வெட்டவும் முடியாது. ஓடையின் கீழ்ப்பகுதியில் விழும் மழை, மேற்பகுதி வெள்ளம் வருவதற்கு முன்பே வடிந்து போய்விடும். அதைப் பள்ளத்தில் பிடித்துவைத்து மெதுவாக விட்டால், சரியாக மேலிருந்து உச்சம் வந்து சேரும் நேரத்தில் இதுவும் போய்ச் சேரலாம். நல்லது செய்யப்போய் வெள்ளமட்டம் கூடிவிடும்.

எவ்வளவு பெரிய வெள்ளத்துக்குக் கட்டுவது என்பது இன்னொரு கேள்வி. "நூறாண்டு வெள்ளத்தைத் தாங்கும்" என்றால் நூறு வருடத்துக்குக் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த அளவோ அதற்கு மேலோ வருவதற்கு ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு உண்டு என்பதே பொருள். ஒரு வீட்டில் 30 ஆண்டு குடியிருந்தால் அதை ஒருமுறையாவது பார்க்கும் வாய்ப்பு 26 சதவீதம். எனவே கரையைத் தண்ணீர் தாண்டும் நாளுக்கும் சேர்த்தே வரைபடம் போடுவார்கள். கரை முழுவதையும் ஒரே உயரத்தில் கட்டினால் எங்கே வழியும் என்பது யாருக்கும் தெரியாது. அதனால் பூங்காவோ மைதானமோ இருக்கும் பக்கத்தில் வேண்டுமென்றே ஒரு நீளத்துக்குக் கரையைக் கொஞ்சம் தாழ்த்தி, மண் அரிக்காதபடி அந்த இடத்தில் கல் பதித்து, வழிந்த தண்ணீர் திரும்ப ஓடைக்கே வந்து சேரத் தனி வழியும் விடுகிறார்கள்.