‘நாங்கள் பார்க்காத வெயிலா?’: கோடையில் கிரீஸ் போகும் பெரியவர்களுக்கு

திருச்சியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் மே, ஜூன் மாதங்களில் என் அறைக்குள் இந்தக் கேள்வி ஒருமுறையாவது வந்துவிடும். கேட்பவர் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர். மகனோ மகளோ ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ வேலையில் இருப்பார். பேரப்பிள்ளைகளோடு மூன்று மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறார்கள். அங்கே பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில் வருகிறது. ‘அப்பா அம்மாவும் வந்திருக்கிறார்களே’ என்று குடும்பமாக கிரீஸ் போக டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். ஏதென்ஸில் மூன்று நாள், சாண்டோரினி தீவில் மூன்று நாள். மூன்று மாதத்துக்கான மாத்திரைச் சீட்டு வாங்கத்தான் என்னிடம் வருவார்கள். வெயிலைப் பற்றி நான் பேச்செடுத்தால், “நாங்கள் பார்க்காத வெயிலா, டாக்டரம்மா?” என்று சிரிப்பார்கள்.

போன ஆண்டு அப்படிச் சிரித்துவிட்டுப் போனவர், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். வயது 66. பத்து ஆண்டாகச் சர்க்கரை, கூடவே ரத்த அழுத்தம். இரண்டும் கட்டுக்குள் இருந்தன. ஏதென்ஸ் போன இரண்டாம் நாள், பழங்காலக் கோயில்கள் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றிலிருந்து இறங்கி வரும்போது அவருக்குக் கால் பின்னியது. பேசியது மகனுக்குப் புரியவில்லை. சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்துப் பழச்சாறு கொடுத்திருக்கிறார்கள். சர்க்கரை இறங்கவே இல்லை. உடம்பில் நீர் வற்றியிருந்தது, சூடு ஏறியிருந்தது. இரண்டு நாள் மருத்துவமனையில் குளுக்கோஸ் பாட்டிலோடு கிடந்தார். ஊர் திரும்பியபோது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அவருடைய கிரியாட்டினின் அளவு பழைய நிலைக்கு இன்னும் வந்திருக்கவில்லை. என் எதிரே உட்கார்ந்து அவர் சொன்ன முதல் வாக்கியம்: “எனக்குத் தாகமே எடுக்கவில்லை, டாக்டரம்மா.”

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த வாக்கியம்தான்.

வெப்பமானியை மட்டும் பார்த்தால் அவர் சொன்னதில் தவறில்லை. கத்திரி வெயிலில் திருச்சி காணும் சூட்டைவிட ஏதென்ஸின் சாதாரண ஜூலை நாள் குறைவுதான். வெப்ப அலை வரும் நாட்களில் மட்டும் அங்கே 40 டிகிரியைத் தாண்டும். ஏதென்ஸுக்குப் பக்கத்திலுள்ள எலெஃப்சீனாவில் 1977 ஜூலையில் 48 டிகிரி பதிவானது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பாவின் உச்ச வெப்பம் அதுவாகவே இருந்தது. ஆனால் நம் பெரியவர் விழுந்த நாளில் வெப்ப அலை ஏதும் இல்லை.

நம் ஊரில் வேர்த்தால் சட்டை முதுகோடு ஒட்டும். கைக்குட்டை நனையும். உடம்பு நீரை இழக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். கிரேக்கக் கோடையின் காற்று வறண்டது. ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடல் பக்கம் வடக்கிலிருந்து மெல்தெமி என்று ஒரு காற்று பலமாக அடிக்கும். வேர்வை வந்த வேகத்திலேயே உலர்ந்துவிடும். உடம்புக்கு இதமாக இருக்கும், சட்டையும் காய்ந்தே இருக்கும், உள்ளே நீர் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். வயதானால் தாக உணர்வே மங்கிவிடுகிறது. அதனால் அறுபதைத் தாண்டியவர்கள் தாகத்தை நம்பித் தண்ணீர் குடிக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்த்துக் குடிக்க வேண்டும்.

அந்தக் கடிகாரமும் வேறொரு விதத்தில் ஏமாற்றும். நம் ஊரில் 4 மணிக்கு வெயில் தாழ்ந்துவிடும், காப்பி குடித்துவிட்டுக் கிளம்பலாம். கோடையில் ஏதென்ஸில் சூரியன் உச்சிக்கு வருவதே பிற்பகல் 1.30 மணிக்குத்தான். அங்கே மாலை 4 மணி என்பது, சூரியக் கணக்கில் நமக்குப் பிற்பகல் 2.45. ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு 9 மணியை நெருங்கிவிடும். ‘நாலு மணிக்குக் கிளம்பினோமே, அப்புறம் எப்படி?’ என்று பெரியவரின் மனைவி கேட்டார். இப்படித்தான்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். வெயில் நமக்குப் பழக்கம் என்கிறோமே, அந்தப் பழக்கத்தில் பாதி உடம்பில் இல்லை, நாம் வாழும் விதத்தில் இருக்கிறது. நம் பெரியவர் மே மாதத்து நண்பகலில் தில்லைநகர் கடைத்தெருவுக்குக்கூட நடந்து போவதில்லை. ஆட்டோ, மதியத் தூக்கம், மோர், மின்விசிறி, மாடியில் காற்று வாங்கும் மாலை எல்லாம் சேர்ந்துதான் அவரை அறுபத்தாறு கோடைகள் காப்பாற்றின. விடுமுறைக்குப் போனவுடன் அதையெல்லாம் விட்டுவிட்டு, பாறைமேல் ஒரு நாளைக்குப் பத்துக் கிலோமீட்டர் நடக்கிறார். உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் வேண்டும், விட்டால் சில வாரங்களில் அந்தப் பழக்கம் போய்விடும். ஜெர்மனியில் ஒரு மாதம் இருந்துவிட்டு கிரீஸுக்குப் போனவரின் உடம்பில் திருச்சி வெயில் மிச்சமிருக்காது.

கிரேக்கர்கள் தங்கள் பழக்கத்தை விடவில்லை. கோடையில் பிற்பகல் 3 மணி முதல் 5.30 வரை அங்கே ஓய்வு நேரம். அப்போது சத்தம் போடக் கூடாது என்று விதியே இருக்கிறது. அப்படி இருந்தும் அவர்களையும் வெயில் விடுவதில்லை. 2022 கோடையில் ஐரோப்பாவில் வெப்பத்தால் 61,000 பேருக்கு மேல் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மக்கள்தொகைக்கு ஒப்பிட்டுப் பார்த்தபோது இத்தாலியும் கிரீஸும் ஸ்பெயினும் போர்ச்சுகலும்தான் முன்னால் நின்றன. வெயிலிலேயே பிறந்து வளர்ந்த நாடுகள் அவை. இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள், அதிலும் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம்.

2024 ஜூன் 5 அன்று, பிரிட்டனில் மருத்துவ நிகழ்ச்சிகளால் பெயர்பெற்ற மைக்கேல் மோஸ்லி, கிரீஸின் சிமி தீவில் பிற்பகல் 1.30 மணியளவில் கடற்கரையிலிருந்து தனியாக நடந்து புறப்பட்டார். வயது 67. நான்கு நாள் கழித்து அவருடைய உடல்தான் கிடைத்தது. காரணத்தை விசாரணையால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை என்றாலும், வெப்பத் தாக்கமாக இருந்திருக்கலாம் என்றே கருதப்பட்டது. அவர் மருத்துவம் படித்தவர்.

இனி மாத்திரைகள். நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான்.

ரத்த அழுத்தத்துக்கான மாத்திரைப் பட்டையில் டெல்மிசார்டான் என்ற பெயருக்குப் பக்கத்தில் ஹைட்ரோகுளோரோதயசைட் அல்லது குளோர்தாலிடோன் என்று இருக்கிறதா, பாருங்கள். அது சிறுநீரைப் பெருக்கி உப்பையும் நீரையும் வெளியேற்றும் மருந்து. சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போல ‘கிளிஃப்ளோசின்’ என்று முடியும் மருந்துகள் இப்போது நம் ஊரில் நிறையப் பேருக்குக் கொடுக்கப்படுகின்றன. அவையும் சர்க்கரையோடு நீரைச் சேர்த்துச் சிறுநீரில் தள்ளுபவை. நம் பெரியவர் இரண்டு வகையையும் எடுத்துக்கொண்டிருந்தார். நல்ல மருந்துகள்தான், அவருடைய இதயத்தையும் சிறுநீரகத்தையும் காத்தவை. நீர் வற்றிய நாளில் அதே மருந்துகள் சிறுநீரகத்தை நெருக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு உங்கள் மருத்துவரிடம் போய், ‘வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், சாப்பிட முடியாமல் போனால், எந்த மாத்திரையை அன்று நிறுத்த வேண்டும், எதை நிறுத்தவே கூடாது?’ என்று கேட்டு எழுதி வாங்குங்கள். என்னிடம் வருபவர்களுக்குத் தமிழில் எழுதி, மகனோ மகளோ கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தனியாக ஒரு சொல். கிரீஸில் இரவுச் சாப்பாடு 9 மணிக்கு மேல்தான். நம் வழக்கப்படி 7.30க்கு மாத்திரையைப் போட்டுவிட்டு உணவகத்தில் காத்திருந்தால் சர்க்கரை இறங்கிவிடும், பகலில் நடந்த நடை வேறு சேர்ந்துகொள்ளும். தட்டு மேசைக்கு வந்த பிறகு மாத்திரையைப் போடுங்கள்.

இன்சுலினை விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் வைக்கக் கூடாது, உறைந்துவிடலாம். கைப்பையில் கொண்டு போங்கள். வெயிலில் நிறுத்திய வாடகைக் காருக்குள்ளும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கோடீன், டிரமடால் கலந்த வலி மாத்திரைகளுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு, மருத்துவரின் சீட்டு இல்லாமல் எடுத்துச் செல்ல வேண்டாம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்காக 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு எப்படியும் எடுப்பீர்கள். அந்தப் பத்திரத்தில் ‘முன்பே இருந்த நோய்’ பற்றிய பகுதியைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பல திட்டங்களில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அந்த வரியிலேயே விலக்கப்பட்டிருக்கும்.

நம் வீட்டுப் பெண்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பயணம் என்றால் தண்ணீர் குடிக்காமல் இருப்பது என்று சிறுவயதிலேயே பழக்கிவிட்டார்கள், கழிப்பறை கிடைக்காதே என்ற பயம். இந்தப் பழக்கத்தோடு எத்தனையோ அம்மாக்கள் நீர்க்கடுப்போடும் மயக்கத்தோடும் திரும்பி வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. பிள்ளைகளே, நாள் திட்டத்தைப் போடும்போது கழிப்பறையையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு காப்பிக் கடையில் உட்காருங்கள். அம்மா கேட்கமாட்டார், நீங்களே அழைத்துப் போங்கள்.

தேதியை மாற்ற முடிந்தால் ஏப்ரல் கடைசி முதல் மே முடிய, அல்லது செப்டம்பர் பிற்பாதி முதல் அக்டோபர் வரை போவது நல்லது. அக்டோபரிலும் கடல் நீரில் கோடையின் சூடு தங்கியிருக்கும். மாற்ற முடியாது என்றால், அக்ரோபோலிஸுக்கு நேரம் குறித்த டிக்கெட்டுதான் இப்போது நடைமுறை என்பதால், காலை 8 மணிக்கானதை முன்கூட்டியே வாங்குங்கள். 2023 ஜூலையில் வெப்பம் கடுமையானபோது நண்பகலில் குன்றையே மூடினார்கள், அதற்குப் பின்னும் மூடியிருக்கிறார்கள். நண்பகலுக்குக் குளிரூட்டப்பட்ட அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம் கீழேயே இருக்கிறது. சாண்டோரினியில் மர நிழல் அரிது, வெள்ளைச் சுவர்கள் வெயிலைத் திருப்பி அடிக்கும். ஃபிரா ஊரிலிருந்து பழைய துறைமுகத்துக்கு 588 படிகள். கம்பிவட ஊர்தி இருக்கிறது, அதில் போங்கள். சின்னத் தீவுகளில் பலவற்றில் குழாய்த் தண்ணீர் குடிக்க உகந்ததல்ல, பாட்டில் தண்ணீர் வாங்குங்கள்.

கைப்பையில் ஐந்தாறு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் வையுங்கள். சர்க்கரை நோயாளிகள் அதைக் கண்டு பயப்படுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. நீர் வற்றிய நாளில் அது தேவை. இதயமோ சிறுநீரகமோ பலவீனமாகி, குடிக்கும் நீருக்கு அளவு சொல்லப்பட்டவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவர் வெயிலில் தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, தொட்டால் உடம்பு கொதித்தாலோ, வேர்க்கிறதே என்று சமாதானம் கொள்ளாதீர்கள். 112 என்ற எண்ணை அழையுங்கள், ஆம்புலன்ஸுக்கு நேராக 166. வண்டி வரும்வரை காத்திருக்காமல் அவரை நிழலுக்குக் கொண்டுபோய், மேல் துணியைத் தளர்த்தி, கையில் இருக்கும் தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிறுங்கள். பக்கத்துக் கடையில் பனிக்கட்டி கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் வையுங்கள். நினைவு குழம்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. உடம்பின் சூடு தணியும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் கிடைக்கும் ஆயுள்.

நம் பெரியவர் இந்த ஆண்டும் போகிறார். பாதியில் விட்டுவந்த சாண்டோரினியைப் பார்க்க வேண்டுமாம். மகனிடம் பேசி, விடுமுறையை அக்டோபர் இரண்டாம் வாரத்துக்கு மாற்ற வைத்திருக்கிறார். மாத்திரைத் தாளை இருவரும் உட்கார்ந்து எழுதி முடித்தோம். கறுப்புக் குடையையும் பெட்டியில் வைத்துவிட்டதாகச் சொன்னார். அவருடைய மனைவி மட்டும், வழியில் தண்ணீர் குடிப்பேன் என்று இன்னும் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் அவரைத் தனியாக வரச் சொல்லியிருக்கிறேன்.