வெல்டிங் நன்றாகத்தான் இருக்கிறது, பிறகு ஏன் பிளக்கிறது?

சேலத்து லாரிப் பட்டறைகளில் விரிசல் விட்ட சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, குனிந்து பாருங்கள். பெரும்பாலும் வெல்டிங் அப்படியே இருக்கும். அதன் ஓரத்தை ஒட்டிய இரும்பில்தான் மயிரிழை போல ஒரு கோடு ஓடும். உடனே, "இரும்பு மட்டம்" என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு.

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் பாரம் ஏற்றிய வண்டியின் சேஸிஸ் முறுக்கிக்கொண்டு மீள்கிறது. ஒரு முறுக்கால் எதுவும் ஒடியாது. லட்சக்கணக்கில் சேரும்போதுதான் விரிசல் வளரும். இதுவே உலோகச் சோர்வு. ரயில் அச்சுகள் இப்படி ஒடிந்ததை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியின் ஆகுஸ்ட் வோலர் முறையாகச் சோதித்துப் பார்த்தார்.

வெல்டிங் இதை இரண்டு வழிகளில் மோசமாக்குகிறது. உருகிய உலோகம் தகட்டைத் தொடும் ஓரத்தில் வடிவம் சட்டென்று மாறுவதால் தகைவு, அதாவது பாரத்தால் உலோகத்துக்குள் எழும் விசை, அங்கே குவிகிறது. அதே ஓரத்தில் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கே ஆழமுள்ள பள்ளங்களும் கசடுத் துணுக்குகளும் ஒளிந்திருக்கும். வழவழப்பான இரும்பில் விரிசல் தோன்றவே ஆயுளின் பெரும்பகுதி கழிந்துவிடும். இங்கே அது ஏறக்குறைய முதல் நாளிலேயே தயார். இரண்டாவது, ஆறும்போது சுருங்கும் உலோகம் பக்கத்துத் தகட்டை இழுத்துப் பிடித்து, பெரும் இழுவிசையை உள்ளேயே பூட்டி வைக்கிறது. அதனால் சேஸிஸ் அமுங்கும் நேரத்திலும் அந்த ஓரம் இழுபட்டே நிற்கக்கூடும். ஆயுள் கணக்கில் முக்கியமானது தகைவின் ஏற்ற இறக்கம். அது இரண்டு மடங்கானால் ஆயுள் சுமார் எட்டில் ஒரு பங்காகிவிடும்! மிகைப்பாரம் ஏற்றுகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

விலை உயர்ந்த, வலிமையான எஃகு வாங்கினாலும் பெரிய பயனில்லை. விரிசல் வளரும் வேகம் எல்லா எஃகிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

சின்ன வெல்டிங்தானே என்று நினைப்பவர்களுக்கு 1980 மார்ச் 27 நினைவிருக்க வேண்டும். வட கடலில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற மிதவை மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். ஒரு கருவியைப் பொருத்தப் போட்ட 6 மி.மீ. வெல்டிங்கில் விரிசல் தொடங்கியிருந்தது.

சேஸிஸின் மேல், கீழ் விளிம்புகளில்தான் வளைவுத் தகைவு அதிகம். அங்கே வெல்டிங் வைக்காமல் யு-போல்ட் போட்டு முடுக்குவது அதனால்தான். பழுது பார்க்கும்போது, விரிசலின் மேலேயே ராடை ஓட்டி மூடினால் உள்ளே அது உயிரோடு இருக்கும். முழுவதும் கிரைண்டரால் தோண்டி எடுத்து, சிவப்புச் சாயம் தடவிச் சோதித்து, மிச்சமில்லை என்று உறுதியான பிறகே நிரப்ப வேண்டும். பிறகு ஓரத்தையும் வழவழப்பாகத் தேய்த்துவிட்டால் ஆயுள் நன்றாகவே கூடும். கனமான பட்டையைக் குறுக்காக வெட்டி மேலே வைத்து வெல்டிங் அடிப்பது வேண்டாம். அடுத்த விரிசல் அந்தப் பட்டை முடிகிற இடத்தில் வரும்.